எஞ்சினுக்குச் செயின் பிளாக், மனிசனுக்கு முதுகு



கொஞ்சம் நீளமான பதிவு. ஏச விரும்புகிறவர்கள் கொமெண்டில் ஏசலாம், ஆனால் முழுதாக வாசித்துவிட்டு ஏசுங்கள்.

போன கிழமை வாப்பாட பங்கு நெல்லைக் குத்திக்கொண்டு வர மில்லுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு லொறி நின்றது. ஐந்து பேர் மூடை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பலகை ஒன்றைச் சரித்து வைத்து, மூடையைப் பிடரியில் போட்டு, குனிந்தபடியே ஏறுகிறார்கள். அதில் ஒருவன் மூடையை இறக்கிவிட்டு, தலையில் கட்டியிருந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "சேர், சுகமா?" என்றான். பார்த்தால் என்னிடம் படித்த பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரன். வாப்பா மௌத்தான பிறகு படிப்பை விட்டவன்.

கொஞ்சம் கதைத்தோம். போகும்போது சிரித்துக்கொண்டே கேட்டான்: "சேர், கப்பி நாலு போட்டா எத்தனம் கால்வாசியாகும் எண்டு படிப்பிச்சீங்க. இஞ்ச ஒண்டையும் காணல்லியே?"

நானும் சிரித்தேன். சிரித்துச் சமாளித்தேன் என்று சொல்வதுதான் சரி. அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அவன் கேட்டதில் என்ன பிழை? விஞ்ஞான பாடத்தில் எளிய பொறிகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. நெம்பு, சாய்தளம், கப்பி, சில்லும் அச்சாணியும். சுமையை எத்தனத்தால் பிரித்தால் பொறிமுறை நயம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து, படம் கீறி, அம்புக்குறி போட்டு, பரீட்சையில் எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். கல்வியியற் கல்லூரியில் நானும் அப்படித்தான் கற்பித்தல் பயிற்சி எடுத்தேன். பிறிஸ்டல் போட்டில் கலர் கலராகக் கப்பி கீறி ஒட்டினேன். விரிவுரையாளர் பாராட்டினார். ஒரு வாளித் தண்ணீரைக்கூட அந்தக் கப்பி தூக்கவில்லை.

பாடசாலை மதிலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். நம்மட ஊரில் எந்தக் கராஜுக்குப் போனாலும் முகட்டு வளையில் ஒரு செயின் பிளாக் தொங்கும். எதற்கு? லொறி எஞ்சினைத் தூக்க. எஞ்சினைக் கையால் தூக்கினால் எஞ்சின் விழுந்து உடைந்துவிடும், நட்டம். அதனால் அதற்குச் சங்கிலி, கொக்கி, பற்சில்லு எல்லாம் இருக்கிறது. கராஜிலிருந்து நூறு யார் தள்ளி மில்லில் அதே லொறிக்கு மூடை ஏற்றுகிறவனுக்கு ஒரு பலகைத் துண்டு. அவன் முதுகு உடைந்தால் நட்டம் அவனுக்கும் அவன் பொண்டாட்டி பிள்ளைகளுக்கும் மட்டும்தானே.

நம்மட பக்கத்து நெல் மூடை அறுபது கிலோவுக்குக் குறைவாக இருந்ததை நான் காணவில்லை. எழுபதைத் தாண்டுவதும் உண்டு. சீமெந்துப் பை 50 கிலோ. உலகத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டே இதற்கென்று ஒரு சமவாயம் கொண்டு வந்தது, 127ஆம் இலக்கம். அதோடு சேர்ந்த பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் கையால் காவும் பாரம் 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்கிறது. அதுவே பழைய காலத்துக் கணக்கு. அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்திய சூத்திரத்தில், எல்லாம் வாய்ப்பாக இருக்கும்போதுகூட, அதாவது பாரம் உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், திரும்பாமல் வளையாமல் தூக்கும்போதுகூட, 23 கிலோதான் மேல் எல்லை. பிரித்தானியாவில் சீமெந்துப் பையை 25 கிலோவாகக் குறைத்துவிட்டார்கள். அவுஸ்திரேலியாவில் 20. வெள்ளைக்காரனின் முள்ளந்தண்டும் நம்மட முள்ளந்தண்டும் ஒரே எலும்புதான்.

நம்மட தெருவில் ஒரு காக்கா இருக்கிறார். இருபது வருசத்துக்கு மேல் மூடை தூக்கியவர். இப்போது சுஜூதுக்குக் குனிய முடியாது, கதிரையில் இருந்துதான் தொழுகிறார். வயது ஐம்பதுகூட இல்லை. பள்ளிவாசலில் பின் வரிசைக் கதிரைகளை ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். அதில் எத்தனை பேர் மேசன் வேலை, மூடை வேலை, தோணி இழுக்கும் வேலை செய்தவர்கள் என்று விசாரித்துப் பாருங்கள். நான் விசாரித்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத மனம் வரவில்லை.

இதைக் கதைத்தால் உடனே சொல்வார்கள்: "சேர், அதுக்கெல்லாம் ஃபோர்க்லிஃப்ட் வேணும், கிரேன் வேணும், காசு எங்க?" இந்த வாயடைப்புத்தான் எனக்குக் கோபம். மோட்டாரும் டீசலும் இல்லாமல் மனிதக் கையால் இயங்கும் கருவிகளைப் பற்றித்தான் நான் கதைக்கிறேன். ஊர் வெல்டிங் கடையில் செய்யக்கூடிய கருவிகள்.

கணக்கோடு சொல்கிறேன். வீட்டு மேல்மாடிக்கு ஒருவன் சீமெந்துப் பையைப் படியால் காவுகிறான். பை 50 கிலோ, அவன் உடம்பு 60 கிலோ. ஆக அவன் தசைகள் தூக்குவது 110 கிலோ. செய்த வேலையில் பாதிக்கு மேல் தன்னையே தூக்கச் செலவழிகிறது. பிறகு வெறுங்கையோடு இறங்கி, மறுகா ஏற வேண்டும். அதே ஆள் கீழே நிலத்தில் நின்று, மேலே இரண்டு கப்பி, கீழே இரண்டு கப்பி போட்ட கயிற்றை இழுத்தால்? பாடப்புத்தகப்படி 50ஐ நாலால் பிரித்தால் பன்னிரண்டரைக் கிலோ. ஆனால் பாடப்புத்தகத்தில் உராய்வு இல்லை, நம்மட ஊரில் இருக்கிறது. ஒரு கப்பிக்குப் பத்து வீதம் இழப்பு என்று வைத்தால், இழுக்க வேண்டியது 16 கிலோ அளவில் வரும். பத்தடி உயரத்துக்கு நாற்பதடி கயிறு இழுக்க வேண்டும். நேரம் கொஞ்சம் கூடும், ஓம். ஆனால் நின்ற இடத்தில் நின்று, முதுகை நிமிர்த்தி, கையால் இழுக்கிற வேலை. ஐம்பது வயதுக் காக்காவும் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாராவது நாளைக்கே கைப்பிடிச் சுவரில் கட்டித் தூக்கப் போய்விடுவார்கள். மேலே கட்டும் இடத்தில் விழும் பாரம் 50 கிலோ அல்ல. சுமையும் இழுக்கிற இழுவையும் சேர்ந்து 66 கிலோ. அது ஆடும், உதறும். ஆகவே அதைப்போல் ஐந்து மடங்கைத் தாங்கும் பீமில் கட்ட வேண்டும். கட்டிய பாரத்துக்குக் கீழே ஆள் நிற்கக்கூடாது. கயிறு நழுவினால் பாரத்தைப் பிடித்து நிறுத்த ஒரு தடுப்பு வேண்டும். கருவியில் முதலில் யோசிக்க வேண்டியது தூக்குவதை அல்ல, கை தவறினால் என்ன நடக்கும் என்பதை. கராஜ் செயின் பிளாக்கின் அருமையே அதுதான். கையை விட்டால் பாரம் அந்த இடத்திலேயே நிற்கும்.

அப்படியானால் மில்லுக்கும் செயின் பிளாக் வாங்கினால் போதுமா? போதாது. ஒரு தொன் செயின் பிளாக் மிக மெதுவானது. ஒரு மூடையை லொறி உயரத்துக்கு ஏற்றுவதற்குள் கைச் சங்கிலியை யார் கணக்கில் இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 200 மூடை ஏற்றுகிறவன் இரண்டு மூடையோடு அதைக் கழற்றி எறிந்துவிடுவான். எறிந்தால் பிழை அவனில் இல்லை. வேலையைப் பார்க்காமல் கருவியைத் தெரிவு செய்தவனில்தான்.

மூடைக்குச் சரியான கருவி, கேட்டால் சிரிப்பீர்கள், தூக்காமல் இருப்பது. லொறித் தட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் கல்லால் ஒரு மேடை கட்டுங்கள். மேடைக்கு நீளமான சாய்தளம் ஒன்று. ஒரு மீற்றர் உயர்வுக்கு எட்டு மீற்றர் நீளம் இருந்தால், 64 கிலோ மூடையைச் சில்லு வண்டியில் வைத்துத் தள்ள எட்டுக் கிலோவும் உராய்வும் வண்டியின் சொந்தப் பாரத்துக்கான பங்கும்தான். இரண்டு சில்லு, ஒரு நாக்குத் தட்டு, இரண்டு கைப்பிடி. வெல்டிங் கடையில் ஒரு நாள் வேலை. லொறி மேடையோடு ஒட்டி நின்றால் மூடை நேரே உள்ளே உருண்டு போகும். இதற்கு என்ன தொழில்நுட்பம் வேண்டும்? கல்லும் சீமெந்தும் மணலும். மதிலுக்கும் கேற்றுக்கும் வளைவுக்கும் இருக்கிற அதே சாமான்கள்.

பெண்கள் பக்கத்துக்கும் வருகிறேன். 2022ஐ மறந்துவிட்டோமா? 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை. நம்மட வீட்டுக் கிணறுகளைப் பார்த்தால், கொங்கிரீட் மூடி போட்டு, ஒரு சின்னத் துவாரத்தில் மோட்டார்க் குழாய் மட்டும். கப்பித் தூண்களை இடித்து எப்போதோ எறிந்துவிட்டோம். உம்மாக்களும் ராத்தாக்களும் கட்டில் சாய்ந்து வெறுங்கையால் கயிற்றை இழுத்தார்கள். மூன்று பிள்ளை பெற்று, ஒரு தடவை ஒப்பரேஷனும் செய்த ஒரு பெண் 12 கிலோ வாளியைக் கட்டுக்கு வெளியே குனிந்து இழுப்பது எப்படிப்பட்ட வேலை என்று ஆண்களுக்கு விளங்காது. எனக்கும் விளங்கியிருக்காது, என் மனைவி சொல்லாவிட்டால்.

ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைக்காது. ஆனால் மேல்நோக்கி இழுப்பதைக் கீழ்நோக்கி இழுப்பதாக மாற்றுகிறது, நம் உடம்பின் எடையே உதவிக்கு வருகிறது. அதைவிட நல்லது கைபிடி போட்ட உருளை. ஆறு அங்குல விட்டமுள்ள உருளை, ஓரடி நீளக் கைபிடி. நாலு மடங்கு நயம். 12 கிலோ வாளிக்கு மூன்று கிலோ, உராய்வோடு நாலு என்று வையுங்கள். நாலு மீற்றர் ஆழத்துக்கு எட்டு, ஒன்பது சுற்று. பக்கத்தில் ஒரு பற்சில்லும் தடுப்பு நாக்கும் கட்டாயம். அது இல்லாவிட்டால் கை நழுவும்போது கைபிடி திரும்பி வந்து தாடையை உடைக்கும். கைபிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை ஆசாரி தன் நெஞ்சுக்கு அளந்து முடிவு செய்யக்கூடாது. தண்ணி அள்ளுகிற ஆளைக் கூப்பிட்டு நிறுத்தி அளக்க வேண்டும்.

ஆபிரிக்காவில் நடந்த ஒரு கதை இருக்கிறது. சிறுவர்கள் சுற்றி விளையாடும் ராட்டினத்தோடு பம்பைப் பொருத்தினார்கள். பிள்ளைகள் விளையாட விளையாட நிலத்தடி நீர் மேலே தாங்கிக்கு ஏறும். பார்க்க எவ்வளவு அழகு! பிளேபம்ப் என்று பெயர். 2006இல் அமெரிக்காவில் பெரிய மேடையில் அறிவித்து, 16.4 மில்லியன் டொலர் என்றார்கள், 2010க்குள் 4,000 பம்ப் என்றார்கள். ஒன்றின் செலவு ஏறக்குறைய 14,000 டொலர். சாதாரண கைப்பம்பு இதில் கால்வாசிக்குப் போட்டுவிடலாம். என்ன நடந்தது? பிள்ளைகள் எந்த நேரமும் விளையாடிக்கொண்டிருப்பார்களா? இலக்கு வைத்த அளவு தண்ணீர் எடுக்க, பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணித்தியாலம் விளையாட வேண்டும் என்று 2009இல் கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டியது. பிள்ளைகள் போன பிறகு, மூத்தம்மாமார் குனிந்து குனிந்து அந்த ராட்டினத்தைத் தள்ளினார்கள். பழுதானால் ஊரில் திருத்தவும் ஆளில்லை. பல இடங்களில் நன்றாக இருந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டுத்தான் இதைப் போட்டிருந்தார்கள்.

அதற்கு எதிர்ப்பக்கம் பங்களாதேஷ். 1980 அளவில் ரங்பூர், தினாஜ்பூர் பக்கத்தில் ஒரு கிராமிய நிறுவனத்தில் வேலை செய்த பொறியியலாளர் ஒருவர் மிதிபம்பு ஒன்றை உருவாக்கினார். இரண்டு உருளை, இரண்டு மூங்கில் மிதி. படி ஏறுவதுபோல் மிதித்தால் தண்ணீர் வரும். கையைவிடக் கால் பலமானது, உடம்பின் எடையும் சேர்ந்து வேலை செய்கிறது. ஏழு மீற்றருக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் உறிஞ்சாது, அது அதன் எல்லை. ஆனால் ஊர்ப் பட்டறைகள் செய்தன, ஊர்க் கடைகள் விற்றன, உடைந்தால் ஊரிலேயே திருத்தினார்கள். பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. யாரும் ராட்டினத்தில் படம் எடுக்கவில்லை. சின்ன விவசாயி தன் காசில் வாங்கினான்.

இனி நம்மட ஊருக்கு வருவோம். நாம் கொடுக்கிற சமூகம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தண்ணீர்த் தாங்கி, மோட்டார், குழாய்க் கிணறு என்று எவ்வளவு சதகா வருகிறது! ஆனால் எத்தனை இடத்தில் தாங்கி காய்ந்து கிடக்கிறது, அதில் பெயர்ப்பலகை மட்டும் பளபளக்கிறது? ஒரு தனவந்தரிடம் கப்பி உருளை விஷயமாகக் கதைத்தேன். நல்ல மனிசன், கை நீண்டவர். கேட்டுவிட்டுச் சொன்னார்: "சேர், இது சின்னச் சாமான் சேர். பெரிசா ஒண்டு சொல்லுங்க, செய்வம்." சின்னச் சாமான் என்பதுதான் அதன் குற்றம். கப்பியில் கல்வெட்டுப் பதிக்க இடமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அல் ஜஸரியைப் பற்றிப் பெருமை பேசுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. 1206இல் தியார்பக்கிரில் அரச சபைக்காகப் பொறிகளைப் பற்றி நூல் எழுதி முடித்தவர். யானைக் கடிகாரம் படத்தை வருசா வருசம் ஷெயர் செய்கிறோம், மீலாத் பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். அதே நூலில் தண்ணீர் தூக்கும் பொறிகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. என்ன அளவு, எப்படிச் செய்வது என்று கைவினைஞன் பார்த்துச் செய்யும்படி எழுதியவர் அவர். அவருக்கு நாம் செலுத்தும் மரியாதை யானைக்கு லைக் போடுவது.

சரி, மிக நியாயமான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது. அதை ஒளிக்க மாட்டேன். மூடை தூக்குகிற ஒருவரே என்னிடம் சொன்னார்: "சேர், வண்டி வந்தா அஞ்சு பேர்ர வேல ரெண்டு பேருக்குப் போதும். மத்த மூணு பேரும் எங்க போற? மூடைக் கூலியையும் மொதலாளி கொறச்சிருவாரு." இதற்கு என்னிடம் பாடப்புத்தகப் பதில் இல்லை. அவர் சொல்வது நடக்கும். வெட்டு மெஷின் வந்தபோது வயலில் அறுவடைக் கூலிக்குப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று நாம் கண்ணால் கண்டோம்.

ஆகவே நான் சொல்வது இது: வண்டி மில்லுக்காரரின் சொத்தாக இருக்கக்கூடாது. தூக்குகிறவர்களின் சொத்தாக இருக்க வேண்டும். ஐந்து பேரும் சேர்ந்து வாங்கட்டும், அல்லது ஊர் வாங்கி அவர்கள் கையில் கொடுக்கட்டும். கூலி மூடைக் கணக்கில் இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும், ஐந்து பேரும் முறை வைத்து வேலை செய்து பங்கு பிரிக்கட்டும். முதுகு இன்னும் பத்து வருசம் உழைத்தால் அதுவும் வருமானம்தான். மேடை கட்டுவது மட்டும் மில்லுக்காரரின் பொறுப்பு. அவர் இலாபம் அந்த முதுகுகளில்தான் ஏறிப் போகிறது. ஒரு மேடை கட்டினால் அவர் ஏழையாகிவிட மாட்டார்.

கிணற்று இறைப்புக்கும் வீட்டு வேலைக்கும் வேறு வழி. பள்ளிவாசலில் சந்தூக்கு இருக்கிறது, கல்யாணத்துக்குக் கொடுக்கச் சட்டி, சஹன், கதிரை எல்லாம் இருக்கிறது. யாரும் சொந்தமாக வாங்குவதில்லை, தேவைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறோம். அதே அறையில் ஒரு முக்காலி, ஒரு செயின் பிளாக், நாலு கப்பி, நல்ல கயிறு ஒரு சுருள் இருந்தால் என்ன? வெள்ளம் வடிந்த பிறகு கிணறு துப்புரவு செய்ய, கிணற்றுக்குக் கொங்கிரீட் வளையம் இறக்க, பிளேட் போடும் வீட்டுக்குச் சாமான் ஏற்ற. இங்கே அவசரமில்லை, பாரம்தான் பெரிது. இங்கேதான் செயின் பிளாக்கின் மெதுவும் பிடியும் பொருந்துகிறது. வருசத்துக்கு ஒரு தடவை கயிற்றையும் கொக்கியையும் பார்த்து, தேய்ந்ததை எறிய ஒரு ஆள் பொறுப்பு. நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். அது மூன்று மாதத்துக்கு முந்திய கதை.

"சுமை தூக்கினாத்தான் ஆம்பிள" என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதற்கும் ஒரு வரி. அதைச் சொல்கிற யாரும் மூடை தூக்கியதை நான் கண்டதில்லை. மனிதனுக்குத் தாங்க முடியாததைச் சுமத்துவது பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை மௌலவிமார் ஒரு ஜும்ஆவில் எடுத்துச் சொல்லட்டும், அது என் வேலை இல்லை.

என் வேலை எதுவோ அதைத் தொடங்கிவிட்டேன். இந்தத் தவணை எளிய பொறிகள் பாடத்தைப் பிறிஸ்டல் போட்டில் முடிக்கப் போவதில்லை. பிள்ளைகள் மூன்று குழுவாகப் பிரிந்து ஒரு கிணற்று உருளையும் ஒரு சில்லு வண்டியும் ஒரு நாலு கப்பித் தொகுதியும் செய்கிறார்கள். வெல்டிங் வேலை மட்டும் கடையில், ஒரு பழைய மாணவன் கூலி இல்லாமல் செய்து தருகிறான். வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலைப் பின்வளவில் பரீட்சித்துப் பார்க்கிறோம். விற்தராசு கொண்டு வந்து இழுவையை அளப்போம், புத்தகக் கணக்குக்கும் உண்மைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பிள்ளைகளே எழுதட்டும். மில்லில் கேள்வி கேட்ட அந்தத் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறேன். "வண்டிட கைபிடி எந்த உசரம் எண்டு நான்தான் சொல்லுவன் சேர். மூடையும் நானே கொண்டாறன்" என்றான்.

முக்காலிக்குப் பன்னிரண்டு அடி ஜீ.ஐ. குழாய் இன்னும் இரண்டு குறைகிறது. மூன்று அங்குலக் குழாய், வளைவு இல்லாமல், உள்ளே கறள் தின்னாததாக இருக்க வேண்டும். வீட்டுக் கூரை மாற்றியவர்களிடம் மிச்சம் கிடந்தால் இன்பொக்ஸ் செய்யுங்கள். லேண்ட்மாஸ்டரில் நானே வந்து ஏற்றுகிறேன். ஏற்ற ஒரு ஆள் கைகொடுத்தால் போதும்.